கடலை விற்ற ஊர்

தலைப்பைப் பார்த்துவிட்டு, வேர்க்கடலை வியாபாரத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்று வாசகர்கள் எண்ணினால் அது அவர்கள் குற்றமல்ல. அரியலூர்ச் சீமையில் கடலையும் விளைகிறது, விற்பனையும் ஆகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அலை அடிக்கிற கடலைப் பற்றி. இன்று அரியலூரிலிருந்து பறவை போல நேர்கோட்டில் கிழக்கே போனாலும் சமுத்திரத்தைப் பார்க்க ஏறக்குறைய ஐம்பது மைல் போக வேண்டும். ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சிரமம் இருந்திராது. ஊர் இருக்கிற இடமே கடலாக இருந்தது. அரியலூரின் பொருளாதார சரித்திரத்தை எழுத உட்காருகிறவன் சோழர் காலத்திலிருந்து தொடங்கினால் போதாது; அந்தக் கடலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் ஊர் இன்று சாப்பிடுவது அந்தக் கடலைத்தான்.

அந்தக் கடலில் சிப்பிகள் வாழ்ந்தன, மடிந்தன, அடியில் படிந்தன. கோடிக் கணக்கான ஆண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து இறுகிச் சுண்ணாம்புக் கல்லாயின. கடல் பின்வாங்கிவிட்டது, கல் தங்கிவிட்டது. கல்லங்குறிச்சிப் பக்கம் போய்ப் பார்த்தால் பாறை முழுவதும் சிப்பி. கையகலச் சிப்பிகள், மூடி திறக்காமல், நேற்றுத்தான் மீனவன் கரையில் கொட்டிவிட்டுப் போனவை போலக் கிடக்கின்றன. காரைப் பக்கத்துக் களிமண் ஓடைகளிலும் வேறு பல இடங்களிலும் சுருள் சுருளான கல் சங்குகள் கிடைக்கும். கண்டகி நதியில் எடுத்துச் சாளக்கிராமம் என்று பூஜையில் வைக்கிறோமே, அதுவும் இதே ஜாதிப் பிராணிதான். சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டர். அதை 1940-ல் உலகறியச் செய்தவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் என்ற நம்மவர்.

இந்தச் சிப்பிகளை முதலில் விலை மதித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1840-களின் தொடக்கத்தில் கே, கன்லிப் என்ற இரண்டு கம்பெனி உத்தியோகஸ்தர்கள் பொறுக்கி எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். பிறகு பிளான்போர்டு என்ற இளைஞர் பூகர்ப்ப இலாகாவின் சார்பில் இந்தப் பக்கமெல்லாம் சுற்றி, 1862-ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். பாறை அடுக்குகளுக்கு அவர் பெயர் சூட்டியபோது அடியில் உள்ளதற்கு ஊட்டத்தூர் என்றும், நடுவில் உள்ளதற்குத் திருச்சிராப்பள்ளி என்றும், மேலே உள்ளதற்கு அரியலூர் என்றும் வைத்தார். அன்று முதல் அரியலூர் என்ற பெயர் ஐரோப்பாவின் பூகர்ப்ப சாஸ்திரப் புத்தகங்களில் ஏறிவிட்டது. ஊர்க்காரர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்களுக்கு அந்த வருஷம் வரகு எப்படி விளையும் என்ற கவலை இருந்திருக்கும்.

பாறைக்குப் பெயர் கொடுத்த ஊர் உலகில் வேறு சிலவும் உண்டு. அவற்றில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஹாலந்து தேசத்தின் தெற்குக் கோடியில், மாஸ் நதிக்கரையில், மாஸ்ட்ரிக்ட் என்று ஒரு பழைய ஊர். ரோமாபுரியார் பாலம் கட்டிய துறை. நம்முடைய அரியலூர்க் கல் எந்த யுகத்தில் படிந்ததோ, ஏறக்குறைய அதே யுகத்தின் கடலடிதான் அந்த ஊரை ஒட்டி நிற்கும் செயின்ட் பீட்டர் குன்று. 1849-ல் அந்த யுகத்துக்கே அந்த ஊர்ப் பெயரை வைத்துவிட்டார்கள். ஆகவே சாஸ்திரிகள் அரியலூர்ச் சிப்பியைக் கையில் எடுத்தாலும், 'இது மாஸ்ட்ரிக்ட் காலத்தது' என்றுதான் சொல்வார்கள். ஒரே கடல் யுகத்தில் பிறந்த இரண்டு ஊர்கள். ஒன்று காவிரிச் சீமையில், மற்றொன்று மாஸ் நதிக்கரையில். இரண்டும் கடைசியில் ஒரே தொழிலில் வந்து நின்றதுதான் வேடிக்கை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அரியலூர் நெடுங்காலம் கல்லை நம்பி வாழவில்லை. ஜமீனை நம்பி வாழ்ந்தது. மழவராயர்கள் என்ற பாளையக்காரர்கள் அங்கே ஆண்டார்கள். பக்கத்தில் உடையார்பாளையம். 1765-ல் ஆற்காட்டு நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து வந்து இரண்டு பாளையங்களையும் பிடித்துக்கொண்டன. அதற்கு மேல் பாளையக்காரர்கள் ஓடியதும் திரும்பியதும் நீண்ட கதை. 1817-ல் கம்பெனி சன்னத்துக் கொடுத்து அவர்களை ஜமீன்தார்களாக உட்கார வைத்தது. வாளை வாங்கிக்கொண்டு கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தது என்று சொல்லலாம். வாள் பிடித்த கைக்குக் கணக்கு வரவில்லை.

ஆனால் சங்கீதம் வந்தது. உடையார்பாளையத்தில் கனம் கிருஷ்ணையர் இருந்தார். அவருடைய சிஷ்யர் வேங்கடசுப்பையருக்கு அரியலூர் ஜமீன் ஆதரவளித்தது. அந்த வேங்கடசுப்பையரின் பிள்ளைதான் உ. வே. சாமிநாதையர். பிள்ளைக்கு முறையாகத் தமிழில் ருசி காட்டியவர் அரியலூர்ச் சடகோபையங்கார். ஐயரவர்கள் எழுதிய 'என் சரித்திர'த்தில் அந்த ஊரின் பழைய நாட்கள் வருகின்றன. பிற்காலத்தில் சங்க நூல்களை எல்லாம் கரையான் வாயிலிருந்து மீட்ட மனிதர் ஒருவருக்கு ஆரம்ப முதலீடு போட்ட ஊர்களில் அரியலூரும் ஒன்று. பொருளாதாரக் கட்டுரையில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஜமீன் செலவழித்ததில் வட்டியோடு திரும்பி வந்தது இது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

மற்றதெல்லாம் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அரியலூர் ஜமீன் கடனில் மூழ்கிவிட்டது. கடன் கொடுத்தவன் வந்து நிற்கும்போது ஜமீன்தாரிடம் கொடுக்க ஒன்றுதான் இருந்தது: நிலம். ஒரு கிராமம் போயிற்று. அடுத்த வருஷம் இன்னொன்று. 1948-ல் சர்க்கார் ஜமீன் ஒழிப்புச் சட்டம் போட்டபோது ஒழிப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. நிலத்தைத் துண்டு துண்டாக விற்று ஜீவனம் பண்ணும் வித்தையை அரியலூர் அப்போதே கற்றுக்கொண்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கல்லைக் கொண்டுபோகிற வித்தையும் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. அரியலூருக்குக் கிழக்கே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் கட்டிய தலைநகரம். ஏறக்குறைய 250 ஆண்டுகள் சோழ ராஜ்யம் அங்கிருந்து நடந்தது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது, எஞ்சினீயர்கள் கோயில் திருமதிலின் கருங்கல்லைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அணையால் கீழே உள்ள ஜில்லாக்களில் நெல் விளைந்தது. கோயிலுக்கு மதில் போயிற்று. கல் ஓரிடம், பலன் வேறிடம் என்ற ஏற்பாட்டுக்கு இதைவிடப் பழைய சாட்சி இந்தப் பக்கத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

அரியலூருக்கு ரயில் வந்தது 1920-களின் பிற்பகுதியில். அதுவரை சென்னையிலிருந்து தெற்கே போகிற வண்டிகள் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று காவிரி நாட்டைச் சுற்றிக்கொண்டு போயின. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப் பாதை போட்டார்கள். அந்தக் குறுக்குப் பாதையில் அரியலூர் ஒரு ஸ்டேஷன். ஜமீன் போய்க் களையிழந்திருந்த ஊருக்கு மறுபடியும் ஜீவன் வந்தது. தானியமும் கடலையும் பருத்தியும் வெளியே போக வழி கிடைத்தது. ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அரியலூர் என்றால் வேறு ஞாபகம்தான் வரும். 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலை, மருதையாற்றில் வெள்ளம். பாலம் கரைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜிநாமா செய்தார். ஒரு மந்திரியின் நேர்மையால் ஊர்ப் பெயர் நாடு முழுவதும் தெரிந்தது. அப்படிப்பட்ட விளம்பரம் எந்த ஊருக்கும் வேண்டாம்.

ரயில் தண்டவாளம் சுண்ணாம்புக் கல்லின் பக்கத்தில் ஓடியது என்பதை முதலில் பயன்படுத்திக் கொண்டவர்கள் டால்மியாக்கள். அரியலூருக்குத் தென்மேற்கே கல்லக்குடியில் 1939-ல் சிமெண்டு ஆலை எழும்பிற்று. ஊரின் பெயரும் டால்மியாபுரம் ஆயிற்று. பெயரை மாற்றக் கோரி 1953 ஜூலையில் தண்டவாளத்தில் படுத்து நடந்த போராட்டமும், அதில் போன உயிர்களும், அதற்குத் தலைமை தாங்கிய மு. கருணாநிதி பின்னாளில் முதலமைச்சரானதும் எல்லோரும் அறிந்தவை. நான் இங்கே கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். சண்டை நடந்தது ஊர்ப் பலகையில் உள்ள பெயருக்காக. பலகைக்குக் கீழே உள்ள கல்லைப் பற்றி அன்று யாரும் சண்டை போடவில்லை.

அரியலூரிலேயே 1979-ல் அரசாங்கம் ஓர் ஆலை தொடங்கிற்று; வருஷத்துக்கு 5 லட்சம் டன். பிறகு தனியார் வந்தார்கள். ரெட்டிப்பாளையம், தளவாய், ஆலத்தியூர், கோவிந்தபுரம், தாமரைக்குளம், கீழப்பழூர் என்று புகைபோக்கிகள் முளைத்தன. இந்தச் சின்னச் சீமையில் அரை டஜனுக்கு மேல் பெரிய ஆலைகள். இரவில் ரயிலில் போகும்போது பார்த்தால் வரகுக் கொல்லைகளின் நடுவே விளக்குகள் அடுக்கிய கோபுரங்கள் நிற்கும். அழகாகத்தான் இருக்கும்.

சிமெண்டு என்பது என்ன? சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் பொடித்து, 1,450 டிகிரி உஷ்ணத்தில் உருட்டி வேகவைத்தால் கறுப்பு உருண்டைகள் வரும். கிளிங்கர் என்று பெயர். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு. ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் ஒன்றரை டன் கல் வேண்டும். அப்படியானால் ஒரு டன் கல்லிலிருந்து ஏறக்குறைய 14 மூட்டை சிமெண்டு. இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2014-ல் சுண்ணாம்புக் கல்லுக்கு ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். மூட்டைக்குப் பங்கிட்டால் 6 ரூபாய் கூட வராது. 2015-ல் ஒரு நல்ல சட்டம் வந்தது: சுரங்கம் உள்ள மாவட்டத்தின் நலனுக்கென்று ஒரு நிதி, பழைய குத்தகைதாரர்கள் ராயல்டியில் நூற்றுக்கு 30 வீதம் அதில் கட்ட வேண்டும். அது டன்னுக்கு 24 ரூபாய். மூட்டைக்கு ஒன்றே முக்கால் ரூபாய்கூட இல்லை. ஏழு கோடி வருஷத்துச் சிப்பிக்கு, அது கிடந்த மண்ணுக்கென்று ஒதுக்கிய பங்கு, அந்தக் கணக்கின்படி, ஒரு கோப்பைத் தேநீரின் விலைக்கும் கீழே நின்றது.

ஆலைகள் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லமாட்டேன். வேலை கொடுத்தன, லாரி வாங்கிப் பிழைத்தவர்கள் உண்டு, சாப்பாட்டுக் கடை வைத்துப் பிள்ளையை எஞ்சினீயர் ஆக்கியவர்கள் உண்டு. ஊரில் வீட்டு வாடகை ஏறியது. லாரி வந்த தடத்தில் விபத்தும் புழுதியும் வந்தன. ஒரு சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது ஒரு பழைய சுரங்கக் குழியின் விளிம்பில் நின்று பார்த்திருக்கிறேன். அடியில் மழைத் தண்ணீர் பச்சை நிறமாகத் தேங்கி நின்றது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அந்தக் குழிக்குள்ளே எங்கேயோ அவருடைய மூன்று ஏக்கர் இருந்ததாம்.

"நல்ல விலைதான் குடுத்தாங்க தம்பி. பொய் சொல்லக் கூடாது. பொண்ணுக் கல்யாணம் அதுலதான் முடிஞ்சுது. ஆனா காசு அந்த ஒரு தரம்தான் வந்துது. மல்லியும் வரகும் வருஷா வருஷம் வந்துக்கிட்டிருந்துது."

பிறகு குழியைக் காட்டி, "இதை யாரு ரொப்பறது?" என்று கேட்டார். என்னைக் கேட்டார் என்று நான் எண்ணவில்லை.

இனி மாஸ்ட்ரிக்ட் கதைக்கு வருகிறேன். அந்த ஊர்க்காரர்கள் பல நூற்றாண்டுகளாகக் குன்றைக் குடைந்து கட்டடக் கல் அறுத்தார்கள். உள்ளே மைல் கணக்கில் சுரங்க வழிகள். பதினெட்டாம் நூற்றாண்டில் அப்படிக் குடையும்போது ராட்சசப் பல்லியின் மண்டை ஓடு ஒன்று கிடைத்தது. 1794-ல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்தபோது அதைப் பாரிஸுக்குக் கொண்டுபோயிற்று. கண்டுபிடித்துத் தந்த சிப்பாய்களுக்கு 600 புட்டி திராட்சை மது இனாம் என்று ஒரு கதையும் உண்டு. கதையை நம்ப வேண்டியதில்லை. ஓடு பாரிஸில் இருப்பது நிஜம். இரண்டாம் உலக யுத்தத்தில் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' என்ற பெரிய சித்திரத்தை இந்தக் குன்றுக்குள் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கண்ணாடியும் பீங்கானும் பெருந்தொழில்களாயின. 1926-ல் சிமெண்டுக் கம்பெனி வந்தது. நம்மைப் போலவே குன்றை வெட்டி உலையில் போட்டார்கள். குழி பெரிதாயிற்று, ஊர்க்காரர்கள் பல்லாண்டுகள் முணுமுணுத்தார்கள், எதிர்த்தார்கள்.

முடிவில் கம்பெனியும் ஊராட்சியும் மாகாணமும் உட்கார்ந்து தேதி குறித்தன. வெட்டுவது இன்ன வருஷத்தோடு நிற்கும்; குழி இன்ன விதமாக மாறும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். 2018-ல் வெட்டு நின்றது. மறு வருஷம் சூளையும் அணைந்தது. இன்று அந்தக் குழியில் நீல ஏரி. ஜனங்கள் உலாவப் போகிறார்கள். அது மட்டுமல்ல. அந்தப் பிரதேசத்து நிலக்கரிச் சுரங்கங்களை 1965-லிருந்து மூடத் தொடங்கிய அரசாங்கம், அதற்கு ஈடாகச் செய்தவற்றில் ஒன்றாக, 1976-ல் மாஸ்ட்ரிக்டில் ஒரு சர்வகலாசாலையை வைத்தது. ஊர் இப்போது மாணவர்களாலும் பிரயாணிகளாலும் பிழைக்கிறது. அது செல்வம் கொழிக்கும் தேசம், நாம் அப்படியா என்று கேட்கலாம். தேதி குறிப்பதற்குச் செல்வம் வேண்டியதில்லை. பஞ்சாங்கம் இருந்தால் போதும். அரியலூரில் கல் எந்த வருஷம் தீரும், அன்று ஊர் எதைத் தின்னும் என்ற பேச்சு இன்னும் டீக்கடைகளில்தான் நடக்கிறது.

பெரம்பலூரைப் பார்த்தால் வேறு விதமான ஊர். அதற்கு ரயில் இல்லை, இன்றுவரை இல்லை. பெருமை பேசப் பெரிய ஜமீனும் இல்லை. இருந்தது ஒரு ராஜபாட்டை. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவன் எவனும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். 1751-ல் வாலிகண்டபுரத்தில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சண்டை நடந்ததும், அந்தச் சண்டையில் கிளைவ் இருந்த படை தலைதெறிக்கப் பின்வாங்கியதும் இந்தப் பாட்டையின் மகிமை. ரஞ்சன்குடிக் கோட்டை இன்னும் பக்கத்தில் நின்று போகிற வருகிற பஸ்களை எண்ணிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பாட்டையின் இரு பக்கமும் கரிசல். கிணற்றையும் மழையையும் நம்பிய வேளாண்மை. பெரம்பலூர்க் குடியானவன் பருத்தி போட்டான்; மக்காச்சோளம் போட்டான்; சின்ன வெங்காயம் போட்டான். இந்த மூன்றிலும் தமிழ்நாட்டில் முன்வரிசையில் நிற்கிற ஊர் அதுதான். மக்காச்சோளம் நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீனியாகப் போகிறது. வெங்காயத்தை விலை ஏறும்வரை காற்றோட்டமான பட்டறை போட்டு அதில் காய வைத்திருப்பார்கள். விதைக்கும் அதிலிருந்தே எடுப்பார்கள். விலை கவிழ்ந்தால் கண்ணீர் விடுவதும் உண்டு. வெங்காயத்தால் வந்த கண்ணீரா, விலையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிறகு எறையூரில் சர்க்கரை ஆலை வந்தது. நாரணமங்கலத்தில் டயர் ஆலை வந்தது. 2023-ல் எறையூரில் செருப்புத் தொழிற்சாலை வந்து பெண்களை வேலைக்கு அழைத்தது. பெரம்பலூரும் பணக்கார ஊராகிவிடவில்லை. ஆனால் அங்கே போன வருஷம் விற்ற நிலம் இந்த வருஷம் மீண்டும் விளைகிறது; விற்றது விளைச்சலைத்தானே!

இரண்டு ஊர்களையும் சர்க்கார் ஒன்று சேர்ப்பதும் பிரிப்பதுமாக இருந்தது ஒரு தனி நாடகம். 1995-ல் திருச்சி ஜில்லாவிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் சேர்ந்தது. 2007-ல் மறுபடி பிரிந்தது. அந்தக் கடைசிப் பிரிவினை நடந்த நாள் நவம்பர் 23. ரயில் ஆற்றில் விழுந்த அதே தேதி. தேதி பார்த்தவர்களுக்கு அது ஞாபகத்தில் இருந்ததா என்று தெரியவில்லை.

கடைசியாக ஜெயங்கொண்டம். அங்கே பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. 1990-களில் அதை வெட்டி மின்சாரம் எடுக்கப் போகிறோம் என்று அரசாங்கம் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் கையகப்படுத்திற்று. நிலத்துக்காரர்கள் நஷ்ட ஈடு போதாதென்று கோர்ட்டுக்குப் போனார்கள். ஆயிரக் கணக்கில் வழக்குகள். ஒரு தலைமுறை வழக்காடியது. வெட்டுகிற யந்திரம் வரவே இல்லை. நிலம் தஸ்தாவேஜில் சர்க்காருடையது, கைப்பாட்டில் குடியானவனுடையது. பட்டா இல்லாததால் கடன் கிடைக்காது, விற்க முடியாது. ஆனால் விதைக்க முடிந்தது, விதைத்தார்கள். கால் நூற்றாண்டுக்குப் பிறகு அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தருவதென்று முடிவு செய்தது.

கரி இன்னும் அடியில்தான் இருக்கிறது. மேலே முந்திரி பூக்கிறது. பங்குனி, சித்திரையில் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் போனால், சாலையோரம் பெண்கள் கொட்டையைப் பழத்திலிருந்து திருகிப் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பழத்தைச் சும்மா கேட்டாலும் கொடுப்பார்கள். கொட்டைக்கு மட்டும் விலை உண்டு.